காற்றை அளந்தவர் – அன்னா மாணி

பெங்களூரு கடல் இல்லாத ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பாறைகள் நிறைந்த மேட்டு நிலத்தின்மீது அமைந்த நகரம் அது. கிழக்கே சென்னைக் கடற்கரைக்கும் மேற்கே மங்களூருக் கடற்கரைக்கும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான். எந்தப் பக்கம் சென்றாலும் 350 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஆயினும் வார இறுதி நாள்களில் இந்நகரத்து இளைஞர் பலர் அலைச்சறுக்குப் பழகுவதற்காக மேற்கே முல்கிக்கும் கிழக்கே சென்னையை அடுத்த கோவளத்திற்கும் செல்கின்றனர். கோவளம் பழைய மீனவ ஊர். அங்கே அலை மணல் திட்டின்மேல் உடைகிறது. பாறையில் மோதும் அச்சம் குறைவு என்பதால், முதன்முதலாகப் பலகையின்மேல் ஏறி நிற்பவர்களுக்கு அத்தகைய கரையே உகந்தது.

புறப்படுவதற்கு முன்பே அவர்கள் ஒன்றை அறிந்துகொள்கின்றனர். நாளை மறுநாள் அலை எத்தனை மீட்டர் உயரும், எத்தனை விநாடிக்கு ஒருமுறை வரும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். மீன்பிடிக்கச் செல்பவர்களுக்கோ இக்கேள்விகளின் விடை பொழுதுபோக்கன்று. உயிரோடு கரை திரும்புவது அதைச் சார்ந்திருக்கிறது. இவ்விடைகள் அனைத்தும் ஓர் அளவீட்டிலிருந்தே தொடங்குகின்றன. அது காற்றின் வேகம். அந்த அளவீட்டை இந்தியாவில் நம்பத்தக்கதாக ஆக்கியவர்களுள் முதன்மையானவர், கடல் இல்லாத இந்தப் பெங்களூருவில் கல்வி பயின்று, ஓய்வுக்காலத்திலும் இங்கேயே உழைத்த அன்னா மாணி அம்மையார்.

அலை பிறக்கும் விதம்

அம்மையாரின் வாழ்வை அறியும் முன், அலையைச் சற்று அறிந்துகொள்வது நலம். காற்று நீரின்மீது உராய்ந்து செல்லும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை நீருக்குக் கொடுக்கிறது. அலை எவ்வளவு பெரிதாகும் என்பதை மூன்று செய்திகள் முடிவுசெய்கின்றன. காற்று எவ்வளவு வேகமாக வீசியது? எவ்வளவு நேரம் வீசியது? எவ்வளவு நீண்ட நீர்ப்பரப்பின்மேல் தடையின்றி வீசியது? குளத்தில் சூறாவளியே வீசினும் பேரலை எழாததற்கு மூன்றாவது செய்தியே காரணம்.

புயல் வீசும் இடத்தில் அலைகள் குட்டையும் நெட்டையுமாகக் குழம்பிக் கிடக்கும். அங்கிருந்து விலகிச் செல்லச் செல்ல அவை தம்முள் ஒழுங்குபட்டு, நீண்ட இடைவெளியோடு அணிவகுக்கும். 16 விநாடிக்கு ஒருமுறை எழும் அலைக்கூட்டம் ஒரே நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். தென்முனையை ஒட்டிய பெருங்கடலில் வீசிய புயலின் அலை, நான்கைந்து நாள் கழித்துக் கேரளக் கரையையும் குமரிக் கரையையும் வந்து தாக்குவது இவ்வாறுதான். வானம் தெளிந்திருக்கும்; காற்று அடங்கியிருக்கும்; கடல் மட்டும் திடீரெனப் பொங்கி ஊருக்குள் நுழையும். கள்வனைப் போல வருவதால் கேரள மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயரிட்டனர்.

கரையை நெருங்கும் அலை அடிமண்ணை உணர்ந்து வேகம் குறைகிறது, குறைந்ததும் உயர்கிறது, நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே மிகுதியாக இருக்கும் இடத்தில் தலைகுப்புற உடைகிறது. ஒரு மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும் வேளையில் அலையின் முகம் வழவழப்பாக நிற்கும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்தால் அதே அலை சிதறிக் குழம்பும். பழகுநர்கள் விடியற்காலையில் கடலுக்குச் செல்வதன் காரணம் இதுவே. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட தமிழர்கள் காற்றின் குணத்தை நன்கு அறிந்திருந்தனர். பெயரை எண்ணாக மாற்றும் பணி மட்டும் பிற்காலத்தவருக்கு எஞ்சியிருந்தது.

பிறந்தநாள் பரிசு

அன்னா மாணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் பீர்மேடு என்னும் மலையூரில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் அரசின் பகுதி; இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் உள்ளது. தந்தையார் கட்டடப் பொறியாளர். ஏலத்தோட்டங்களும் அவருக்கு இருந்தன. எண்மராகப் பிறந்த மக்களுள் அன்னா ஏழாமவர்.

அக்குடும்பத்தில் ஆண்பிள்ளைகளை உயர்பதவிக்கெனவும் பெண்பிள்ளைகளைத் திருமணத்திற்கெனவும் வளர்ப்பதே வழக்கம். அச்சிறுமியோ புத்தகங்களுக்குள் புகுந்துகொண்டார். எட்டு வயதிற்குள் ஊர்ப் பொது நூலகத்தில் இருந்த மலையாள நூல்களில் பெரும்பாலானவற்றைப் படித்து முடித்தார். பன்னிரண்டு வயதிற்குள் ஆங்கில நூல்களையும் ஏறக்குறைய முடித்தார். எட்டாவது பிறந்தநாளில் வீட்டு வழக்கப்படி அவருக்கு வைரத் தோடுகள் அளிக்கப்பட்டன. அவர் அவற்றை ஏற்கவில்லை. அவற்றிற்கு ஈடாகப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார். பின்னாளில் அதே வைரங்கள் வேறொரு வடிவில் அவர் கைக்கு வரவிருந்தன என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

அக்காலத்தில் வைக்கம் ஊரில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கும் உரிமை கோரிப் போராட்டம் நடைபெற்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியாரும் அதில் பங்குகொண்டு சிறை சென்றார். 1925ஆம் ஆண்டு காந்தியடிகள் வைக்கம் வந்தார். அன்னாவிற்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. ஆயினும் அப்போராட்டம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வளர்ந்தபின் கதராடையையே உடுத்தார். வாழ்நாள் முழுவதும் அவ்வழக்கத்தை விடவில்லை. தமக்கையர் இளவயதில் மணம் செய்துகொண்டபோது, அவர் மேற்படிப்பைத் தேர்ந்தெடுத்தார்.

பெங்களூருவில் வைரங்கள்

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1939ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்வதற்கான உதவித்தொகை கிடைத்தது. மல்லேசுவரத்தை அடுத்த அவ்வளாகத்தில் அப்போது இயற்பியல் துறையை நடத்தி வந்தவர், நோபல் பரிசு பெற்ற தமிழரான சர் சி. வி. இராமன். அவர் வைரங்களின்மீது தீராத ஆர்வம் கொண்டவர். நூற்றுக்கணக்கான வைரங்களைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றின் ஒளிர்வை ஆராயும் பணி அன்னாவிடம் வந்தது.

அது எளிய பணியன்று. திரவக் காற்றின் கடுங்குளிரில் வைரத்தை வைத்து, அது உமிழும் மங்கிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஒளிப்படத் தகட்டில் பதிக்க வேண்டும். சில வைரங்களின் ஒளி மிகவும் மங்கலானது. ஒரு படம் பதிவதற்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். இடையில் கருவி சிறிது நகர்ந்தாலும் முழு உழைப்பும் வீணாகும். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கி அவர் வேலை செய்தார். அளவீடு என்பது பொறுமையின் மறுபெயர் என்பதை அந்த இரவுகளே அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். இராமனின் ஆய்வுக்கூடத்தில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆண் ஆய்வாளர்களோடு கலந்து பேசுவதற்கும் அங்கே தடை இருந்தது. அறிவியலில் உரையாடலே பாதிக் கல்வி. அந்தப் பாதி அவருக்கு மறுக்கப்பட்டது.

1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு குறித்து ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனித்தே எழுதி வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முனைவர் பட்டத்திற்குரிய ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். பட்டம் கிடைக்கவில்லை. அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இளநிலைச் சிறப்புப் பட்டம் பெற்றதும், உதவித்தொகையோடு ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், ஐந்து கட்டுரைகள் அச்சேறியதும் அந்த விதியை அசைக்கவில்லை. அநீதி என்றே அதனைக் கூற வேண்டும். அன்னா மாணியோ அதைப் பற்றிப் பிற்காலத்தில் மனக்கசப்புக் காட்டவில்லை. பட்டம் இல்லாததால் தம் பணி எதுவும் குறைபடவில்லை என்றே கருதினார்.

அவர் வைரங்களுக்கு முன் விழித்திருந்த அதே ஆண்டுகளில், உலகின் மறுபுறத்தில் வேறு இருவர் அலைகளை எண்ணிக்கொண்டிருந்தனர். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் இருந்த ஸ்கிரிப்சு கடலாய்வு நிலையத்தில், நார்வே நாட்டவரான ஸ்வெர்ட்ரப்பும் அவருடைய மாணவர் வால்டர் மங்க்கும், காற்றின் வேகத்திலிருந்து அலையின் உயரத்தை முன்கூட்டியே கணிக்கும் முறையை வகுத்தனர். படைவீரர்கள் சிறு படகுகளில் கரையேறும் நாளை முடிவுசெய்ய அது தேவைப்பட்டது. 1944ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது அம்முறை பயன்பட்டது. இன்று அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகள் பார்க்கும் முன்கணிப்பு, போர்க்காலத்தில் பிறந்த அந்தக் கணக்கின் வழித்தோன்றலே. கணக்கு எவ்வளவு நுட்பமானதாயினும் அதற்குத் தரப்படும் காற்றின் அளவு தவறானால் விடையும் தவறும். கடல் முழு வளர்ச்சி அடைந்த நிலையில் அலையின் உயரம் காற்று வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பின்பற்றும். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும். எனவே காற்றின் அளவில் பத்து விழுக்காடு பிழை நேர்ந்தால், அலையின் உயரத்தில் அது இருபது விழுக்காட்டிற்கு மேல் தெரியும்.

கருவிகளின் நாடு

1945ஆம் ஆண்டு அரசின் உதவித்தொகை பெற்று அன்னா மாணி இங்கிலாந்து சென்றார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியை அடைந்தபோது, தாம் விரும்பிய இயற்பியல் ஆய்வுக்கு அங்கே இடம் இல்லை. வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கு மட்டுமே இடம் இருந்தது. கிடைத்ததை ஏற்றார். அவ்வாறு தற்செயலாக அமைந்த துறையே அவருடைய வாழ்வாயிற்று.

1948இல் நாடு திரும்பியபோது இந்தியா விடுதலை பெற்றிருந்தது. அவர் புனே நகரில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். விடுதலைக்கு முன் வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற எளிய கருவிகளும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. எஸ். பி. வெங்கிடேசுவரன் என்னும் அறிஞர் அப்பிரிவின் தலைவராக இருந்தார். கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்னும் உறுதியோடு அவர் பட்டறையை உருவாக்கி வந்தார். அவருக்குப் பின் 1953ஆம் ஆண்டு அப்பொறுப்பு அன்னா மாணியிடம் வந்தது. அவருக்குக்கீழ் பணியாற்றிய ஆண்கள் 121 பேர்.

அங்கே அவர் செய்த பணி புகழ் தேடித் தரும் பணியன்று. ஏறத்தாழ நூறு வகையான வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, எந்தத் தொழிலாளர் எந்த நாளில் செய்தாலும் ஒரே அளவு காட்டும் கருவி வெளிவருமாறு செய்தார். காற்றுவேகமானியை எடுத்துக்கொள்வோம். ஒரு தண்டின் உச்சியில் அரைக்கோளக் கிண்ணங்கள் சுழல்கின்றன. சுழற்சியின் எண்ணிக்கை காற்றின் வேகத்தைச் சொல்கிறது. பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். ஆனால் தண்டின் தாங்கியில் துரு ஏறினால் மெல்லிய காற்றைக் கருவி உணராது. கிண்ணம் நசுங்கினால் எண்ணிக்கை மாறும். மரத்தின் மறைவிலோ கட்டடத்தின் ஓரத்திலோ நட்டால், அது அந்த மரத்தின் காற்றையே அளக்கும். ஊரின் காற்றை அளக்காது. அதனாலேயே திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளப்பதை உலக நாடுகள் பொது முறையாக வைத்துள்ளன. ஒவ்வொரு கருவியையும் தரமான மற்றொரு கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே பணிக்கு அனுப்ப வேண்டும் என்பதில் அம்மையார் கண்டிப்பாக இருந்தார். தவறான அளவீட்டைவிட அளவீடே இல்லாதிருப்பது மேல் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அளவு இல்லாத மீனவர் எச்சரிக்கையோடு இருப்பார். தவறான அளவை நம்பியவர் கடலுக்குச் சென்றுவிடுவார் என எண்ணிப் பார்த்தால் அக்கொள்கையின் கூர்மை விளங்கும்.

1957–58 அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அப்போது சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அவர் நிறுவினார். அதற்கான கருவிகளின் விலை மிகுதியாக இருந்ததால், அவற்றையும் உள்நாட்டிலேயே வடிவமைக்க முற்பட்டார். வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோனைப் பலூன் வழியாக அளக்கும் இந்தியக் கருவியும் அவருடைய முயற்சியால் உருவாயிற்று.

தும்பாவில் ஒரு கோபுரம்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, கோவளத்தைப் போலவே கடற்கரை மீனவ ஊர். நிலநடுக்கோட்டின் காந்த இணையான கோடு அவ்வூரின் வழியே செல்வதால் ஆய்வு ஏவூர்திகளை அங்கிருந்து ஏவ விக்ரம் சாராபாய் முடிவு செய்தார். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் ஏவூர்தி அங்கிருந்து விண்ணில் எழுந்தது. அத்தகைய சிறு ஏவூர்திகளுக்கு நடுவழியில் திசை திருப்பும் வசதி இல்லை. தரையை ஒட்டி வீசும் காற்று அவற்றைச் சாய்த்துவிடும். ஆகவே ஏவுவதற்குமுன் பல்வேறு உயரங்களில் காற்றை அளந்து, அதற்கேற்ப ஏவுதளத்தின் சாய்வை அமைக்க வேண்டும். சாராபாயின் வேண்டுகோளை ஏற்று அவ்விடத்தில் வானிலை ஆய்வுக்கூடத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துத் தந்தவர் அன்னா மாணி.

1969ஆம் ஆண்டு அவர் தில்லிக்கு மாற்றப்பட்டார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். இடையில் உலக வானிலை அமைப்பின் ஆலோசகராக எகிப்திலும் பணியாற்றினார். 1976இல் ஓய்வு பெற்றார்.

மீண்டும் பெங்களூரு

ஓய்வு பெற்றதும் பெங்களூருவுக்கே திரும்பி, இராமன் ஆய்வு நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வருகைப் பேராசிரியராக இருந்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றிய இரு பெருநூல்கள் 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. சூரிய ஆற்றலில் இயங்கும் பொறிகளை வடிவமைப்போர் இன்றளவும் நாடும் நூல்கள் அவை.

பிறகு காற்றின் பக்கம் திரும்பினார். காற்றாலையின் கணக்கு அலையின் கணக்கைவிடவும் கடுமையானது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே எந்த மேட்டில், எந்தக் கணவாயில், எந்தக் கரையில் காற்று எவ்வளவு வீசுகிறது என்பதை ஆண்டு முழுவதும் அளந்தறியாமல் காற்றாலை நடுவது பணத்தைக் காற்றில் விடுவதாகும். எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் பெருந்திட்டத்தைப் பெங்களூருவிலிருந்தே அவர் வழிநடத்தினார். காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு பட்டறை ஒன்றையும் இந்நகரில் நிறுவினார். அறுபது வயதைக் கடந்த அம்மையார் பட்டறையில் நின்று கருவிகளின் சரிநுட்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான், 1986இல், தூத்துக்குடிக் கடற்கரையில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை சுழலத் தொடங்கியது.

1987ஆம் ஆண்டு இந்தியத் தேசிய அறிவியல் கழகம் அவருக்குக் கே. ஆர். இராமநாதன் பதக்கத்தை வழங்கியது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இயற்கையில் நடப்பதும், நூல் படிப்பதும், இசை கேட்பதும் அவருடைய இன்பங்கள்.

அவர் காலத்தில் கடலின் நடுவே காற்றை அளப்பதற்குக் கப்பல்களையே நம்ப வேண்டியிருந்தது. இப்போது சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியுள்ளது. அவற்றின் உச்சியில் காற்றுவேகமானி சுழல்கிறது. மிதவையே அலையோடு ஏறியிறங்கி அலையின் உயரத்தைச் சொல்கிறது. செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் சொரசொரப்பைக் கண்டு காற்றைக் கணிக்கின்றன. அக்கணிப்பு சரிதானா என்பதை மிதவையின் கருவியோடு ஒப்பிட்டே தீர்மானிக்கின்றனர். இவற்றைக் கொண்டு, 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை முன்கணிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. கள்ளக்கடல் வரும் முன் கரையோர மக்களை எச்சரிப்பதும் அம்மையமே. அது இருப்பது ஐதராபாத்தில். அங்கும் கடல் இல்லை.

1994ஆம் ஆண்டு பக்கவாதம் தாக்கியதால் அன்னா மாணியின் இயக்கம் முடங்கியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், எண்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் பெறாத அவருடைய ஆய்வேடு பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளோடு அருகருகே வைக்கப்பட்டுள்ளது.